சஷ்டியன்று பௌர்ணமி

தயிர்க் கிண்ணம் என்று நினைத்துத்தான் லோகநாயகி அந்த டப்பாவைத் திறந்தாள். உள்ளே தயிர் இல்லை. செக்கச்செவேலென்று ஒரு உருண்டை நெளிந்துகொண்டிருந்தது. நனைந்த தலைமுடியைச் சுருட்டி வைத்ததுபோல் நூற்றுக்கணக்கான புழுக்கள், ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து.

"என்னங்க!"

"மூடு, மூடு! குளிர்ச்சி போனா செத்துடும்" என்று ஹாலிலிருந்து கேசவன் குரல் கொடுத்தான்.

"இந்த மீன் தீனியை ஃப்ரிட்ஜுல வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? பக்கத்துலயே தோசை மாவு இருக்கு!"

"மாவு அதுபாட்டுக்கு இருக்கு, புழு அதுபாட்டுக்கு இருக்கு. டைட் மூடி. அது ஒண்ணும் நடந்து போய் உன் மாவுல விழுந்துடாது."

"எங்கே பிடிக்கறாங்க இதை?"

"சாக்கடை ஓரத்துலதான். கடைக்காரன் நல்லாக் கழுவித்தான் தர்றான்."

அன்று இரவு லோகநாயகி தோசை சாப்பிடவில்லை. கேசவன் ஆறு சாப்பிட்டான்.

கேசவனுக்குக் கல்பாக்கத்தில் வேலை. கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவு. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் தரைத்தள வீடு. ஹாலில் டி.வி. இருக்கவேண்டிய இடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, டி.வி. ஜன்னலோரம் ஒதுங்கி நின்றது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு, லாக் புக். வேலையிடத்தில் எழுதுவதுபோலவே வீட்டிலும் எழுதினான். தேதி, மணி, தண்ணீரின் சூடு, போட்ட தீனி, செத்த மீன், எல்லாவற்றுக்கும் எதிரே சுருக்கக் கையெழுத்து. பக்கங்களுக்கு எண்ணும் அவனே போட்டிருந்தான்.

"லாக் புக்குல அழிக்கக் கூடாது, லோகா" என்று கல்யாணமான புதிதில் அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறான். "தப்பா எழுதிட்டா குறுக்கே ஒரே ஒரு கோடு. அடிச்சதும் தெரியணும், அடிச்சதுக்குக் கீழ என்ன இருந்ததுன்னும் தெரியணும். தாளைக் கிழிச்சா அது கொலைக்குச் சமம்."

கரூர்க்காரியான லோகநாயகிக்கு அப்போது பெருமையாக இருந்தது. அவளும் காகிதத்தோடு பழகுகிறவள்தான். செங்கல்பட்டில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். காலை ஏழே கால் பஸ், சாயங்காலம் ஆறரைக்கு வீடு. சனிக்கிழமை மட்டும் அரை நாள். அவள் கிளம்புவதற்குள் வேண்டா வந்துவிடுவாள். புதுப்பட்டினத்திலிருந்து நடந்தே வருகிற வேண்டாவுக்கு நாற்பது வயதிருக்கும். நாலாவதும் பெண் என்று பெற்றவர்கள் வெறுத்துப்போய் வைத்த பெயர். டவுன்ஷிப்பில் நாலு வீடு அவள் கையில்: லோகநாயகி வீடு, மாடியில் ஷபானா வீடு, ஒரு டீச்சரம்மா வீடு, கேசவனின் மேலதிகாரி லக்ஷ்மிநாராயணன் வீடு.

அந்த லக்ஷ்மிநாராயணன்தான் இத்தனைக்கும் ஆரம்பம். அவர் மீன் பைத்தியம். தானே வளர்த்த ஒரு ஜோடி ஏஞ்சல் மீனை, கறுப்பும் வெள்ளியுமாகக் உள்ளங்கை அகலம் இருந்ததை, கேசவனுக்குக் கொடுத்திருந்தார். "முட்டை போடற ஜோடி, கேசவா. குஞ்சு பொரிச்சா எனக்குச் சொல்லு" என்றார். அடுத்த மாதம் கேசவனுக்குப் பதவி உயர்வு இன்டர்வியூ. அதற்கு அவனைப் பற்றிக் குறிப்பு எழுதப்போகிறவர் அவர். ஆகவே கேசவனுக்கு அந்தக் குஞ்சுகள் வெறும் குஞ்சுகள் இல்லை.

முட்டை என்னவோ வந்தது. தொட்டிக்குள் சாய்த்து வைத்த கறுப்புப் பலகைமேல், ஜவ்வரிசியை ஒட்டினாற்போல் முந்நூறு முட்டை. இரவு விளக்கை அணைத்தார்கள். காலையில் லோகநாயகி பால் வாங்கக் கதவைத் திறக்கப் போனவள் தொட்டி முன் நின்றுவிட்டாள். தாய் மீன் பலகையை ஒட்டி நின்று ஒவ்வொரு முட்டையாக உறிஞ்சித் தின்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லை. ஒன்று, ஒரு மெல்லல், அடுத்தது. தகப்பன் பின்னால் நின்று மிச்சத்தைப் பொறுக்கியது. லோகநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெத்ததையே திங்குதே, சீ! என்ன ஜென்மம் இது?"

"அது பயத்துல பண்றது" என்றான் கேசவன். "பளிச்சுனு இருந்த விளக்கு திடீர்னு அணைஞ்சா அதுக்குக் கண்ணு தெரியறதில்லை. முட்டையைப் பாத்துக்க முடியலேன்னா தின்னுடும். ஆத்துல இருந்தா நிலா வெளிச்சம் இருக்கும். நம்ம தொட்டிக்கு நிலா இல்லை. அதான் கோளாறு."

அடுத்த விடுமுறையன்றே செங்கல்பட்டு போய் மின்சார ரயிலைப் பிடித்து, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனான். ஆறு நீல எல்.ஈ.டி. வாங்கி வந்தான். 2003-இல் நீல எல்.ஈ.டி. என்றால் கொஞ்சம் அதிசயந்தான். சட்டைப்பையில் பஞ்சு சுற்றி எடுத்து வந்தான். கடையில் தொட்டிக்கென்றே நிலா விளக்கு விற்கிறார்களாம். "காசு கொடுத்து வாங்கினா அது கடைக்காரன் நிலா. நாம பண்ணினாத்தான் நம்ம நிலா" என்றான்.

அவன் கைத்திறமையை லோகநாயகி குறை சொல்லமாட்டாள். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. வரிசைக்கு ஒரு மின்தடை. பழைய டேப் ரெக்கார்டரின் பன்னிரண்டு வோல்ட் எலிமினேட்டர். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ரேடியோவிலிருந்து கழற்றிய வால்யூம் குமிழ். அந்தக் குமிழைச் சுற்றிப் பதினைந்து கோடு போட்டு, பிரதமை, துவிதியை என்று பொடி எழுத்தில் எழுதினான். தினசரி காலண்டரில் என்ன திதியோ அந்தக் கோட்டில் குமிழை நிறுத்த வேண்டும். வளர்பிறையில் ஏறும், தேய்பிறையில் இறங்கும். அமாவாசையன்றும் ஒரு துளி வெளிச்சம் இருக்கும்படி வைத்தான், மீன் பயப்படாமல் இருக்க.

தொட்டியின் மூடியில் மாட்டினால் ஆவி பட்டுக் கம்பி பச்சை பூக்கும் என்று, கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, கண்ணாடிபோல் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே, அதில் ஓரடி வெட்டி, உள்ளே விளக்கு வரிசையை நுழைத்து, இரண்டு முனையையும் சிலிகான் பேஸ்ட் வைத்து அடைத்து, தண்ணீருக்குள் ஒரு அங்குல ஆழத்தில் முக்கிவிடுவது என்று முடிவு செய்தான்.

சனிக்கிழமை லக்ஷ்மிநாராயணன் குடும்பத்தோடு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். லோகநாயகி மத்தியானம் வேலை முடிந்து நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது கேசவன் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை. கட்டைவிரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. வினிகர் நாற்றம் அடித்தது.

"ஆறு மணிக்கு வந்துடுவாங்க. பஜ்ஜி போடு" என்றான்.

வந்தார்கள். லக்ஷ்மிநாராயணன், அவர் மனைவி ஜோதிலட்சுமி. ஜோதிலட்சுமிக்கு டவுன்ஷிப் மகளிர் கிளப்பில் பெரிய பெயர். எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவளுக்குத் தெரியும். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு கேசவன் விளக்கை அணைத்தான். குமிழைத் திருகினான்.

ஹால் முழுக்க இருட்டு. நடுவில் நாலடிக்கு மட்டும் நீல நிலா. செடிகளின் நிழல் மணலில் ஆடியது. அந்த ஏஞ்சல் ஜோடி இரண்டு வெள்ளித் தகடுபோல் அசையாமல் மிதந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் முழு நிலா அன்று பாறை மறைவில் தேங்கிய தண்ணீர் இப்படித்தான் இருக்கும்.

"இன்னைக்குச் சஷ்டிதானே? இவ்வளவு வெளிச்சமா?" என்றாள் லோகநாயகி, காலண்டர் ஞாபகத்தில்.

"சார் வந்திருக்காருல்ல. இன்னைக்குப் பௌர்ணமிதான்" என்றான் கேசவன்.

லக்ஷ்மிநாராயணன் வயிறு குலுங்கச் சிரித்தார். குனிந்து குழாயின் முனையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். "பிரமாதம், கேசவா" என்று நிமிர்ந்து பஜ்ஜித் தட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மீன்களெல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. உடம்பெல்லாம் வெண்மையாகக் கோழை படர்ந்திருந்தது. கேசவன் தண்ணீரை மாற்றினான், காற்று மோட்டாரைக் கூட்டி வைத்தான், உப்புப் போட்டான். பத்து மணிக்குள் பதினாலில் பதினொன்று புரண்டுவிட்டது. ஏஞ்சல் ஜோடி கடைசியாகப் போயிற்று. ஒன்று பக்கவாட்டில் விழுந்து கிடக்க, இன்னொன்று அதன் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது; பிறகு அதுவும் விழுந்தது. வெயில் ஏற ஏற ஹாலில் நின்ற நாற்றம் சோற்றுக்குள்ளேயும் வந்தது.

மத்தியானம் போன் அடித்தது. லக்ஷ்மிநாராயணன். கேசவன் எழுந்து நின்று பேசினான்.

"சார்… ஆமா சார்… இல்லை சார், ரொம்ப வருத்தமான விஷயம். ரெண்டும் போயிடுச்சு சார். என்ன பண்றது, வேலைக்காரி… வேண்டாதான் சார், உங்க வீட்டுக்கும் வர்றவ. ஃபினாயில் கையைத் தொட்டிக்குள்ள விட்டிருக்கா சார். இதுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது."

லோகநாயகி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியும் இருக்குமோ என்றுதான் அவளுக்கும் தோன்றியது. பிற்பாடு இதை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு முகம் சுண்டியது.

திங்கட்கிழமை காலை வேண்டா வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டாள்.

"வேண்டா, சனிக்கிழமை தொட்டிக்குள்ள கைய விட்டியா?"

"நா எதுக்குக்கா வுடப்போறேன்? அந்தப் புழுவப் பாத்தாலே எனக்குக் கொமட்டுது." வேண்டா தொட்டியை எட்டிப் பார்த்தாள். "ஐயையோ! அம்மாம் மீனும் பூட்ச்சா? இன்னாக்கா ஆச்சு?"

"ஃபினாயில் பட்டிருக்கும்னு சார் சொல்றாரு."

வேண்டா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஃபினாயிலு ஏதுக்கா உன் வூட்ல? வியாழக்கெழமயே தீந்து பூச்சு, வாங்கியான்னு சொன்னேன்ல? நீகூட சீட்டுல எழுதிக்கினு போன. வாங்கினியா?"

லோகநாயகி வாங்கவில்லை. சீட்டு இன்னும் கைப்பையில்தான் கிடந்தது. மூன்று நாளாக வேண்டா வெறும் தண்ணீரில்தான் வீட்டைத் துடைத்திருக்கிறாள்.

சாயங்காலம் கேசவனிடம் சொன்னாள். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஃபினாயில் இல்லேன்னா சோப்பு" என்றான்.

"தொட்டியைத் தொடவே இல்லைங்கறா."

"தொட்டிருந்தா மட்டும் தொட்டேன்னு சொல்லுவாளா? விடு லோகா, போனது போச்சு."

மறுநாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளை மாடிப்படியில் ஷபானா மடக்கினாள்.

"லோகா, வேண்டா விஷயம் தெரியுமா? ஜோதிலட்சுமியம்மா வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டாங்களாம். டீச்சரம்மாவும் நிறுத்திட்டாங்க. எனக்கே போன் வந்துச்சு. 'கையில விஷம் வச்சிருக்கா, நாம சாப்பிடற பாத்திரம் கழுவற கை, பாத்துக்கோங்க'ன்னு. உங்க மீன் செத்ததுக்கு இந்தப் பேச்சா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் வீட்ல எட்டு வருஷமா கழுவறா, நாங்க யாரும் இன்னும் புரண்டு விழலைன்னு சொன்னேன்." ஷபானா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா லோகா, இந்த டவுன்ஷிப்புல பேர் கெட்டா அவ்வளவுதான். நாலு வீட்டு வேலை போறது ஒரு பக்கம். நாளைக்கு எவ வீட்லயாவது குழந்தைக்கு வயித்தால போனாலும் இவ தலையிலதான் விடியும்."

வீட்டில் யாருமில்லை. கேசவனுக்கு மதிய ஷிப்ட். லோகநாயகி கைப்பையை வீசிவிட்டு நேராக லாக் புக்கை எடுத்தாள். சனிக்கிழமை என்னதான் எழுதியிருக்கிறான்?

நாற்பத்திரண்டாம் பக்கம் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அடுத்த பக்கம் நாற்பத்தைந்து.

பன்னிரண்டு வருஷமாகப் பத்திரம் டைப் அடிக்கிறவளின் கண்ணுக்கு வேறெதுவும் சொல்லவேண்டியதில்லை. நோட்டின் நடுத் தையலில் விரலை ஓட்டினாள். பிளேடு வைத்து அறுத்த தாளின் ஓரம், நூல் பருமனுக்கு, விரலில் தட்டுப்பட்டது. நாற்பத்தைந்தில் சனி, ஞாயிறு இரண்டும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தது. நிலா விளக்கு போட்ட மணி இருந்தது. எதை வைத்து அடைத்தான் என்பது இல்லை. ஞாயிறுக்கு எதிரே, 'வேலைக்காரியின் கை, ஃபினாயில், சந்தேகம்' என்று ஆங்கிலத்தில். எதிரே அழகான சுருக்கக் கையெழுத்து.

அந்த வெள்ளைக் கட்டைவிரல் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போன வருஷம் பாத்ரூம் பேசின் ஒழுகியபோது வாங்கிய பேஸ்ட் டியூப் ஒன்று கழுவுதொட்டிக்கு அடியில் எப்போதும் கிடக்கும். இப்போது இல்லை. பரணில் இல்லை. கருவிப் பெட்டியில் இல்லை. கடைசியில் செருப்பு அலமாரியில், அவனுடைய பழைய கம்பூட்ஸுக்குள் கையை விட்டபோது சுருட்டிய செய்தித்தாள் வந்தது. உள்ளே டியூப். கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தாள். பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்தது. குளியலறைக்கு மட்டும். மீன் தொட்டிகளில் பயன்படுத்தக் கூடாது.

அவள் அதிர்ந்தது அதைப் படித்து இல்லை. தவறு யாருக்கும் வரும். டியூபைச் சுற்றியிருந்த தாள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். குறுக்கெழுத்துப் போட்டி பாதி நிரப்பியிருந்தது, அவன் கையெழுத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு குறுக்கெழுத்துப் போடுவான். மீன் புரண்டதும் பாதியில் விட்டு எழுந்தவன். அதற்கப்புறம் இந்த எழுத்தைப் படித்திருக்கிறான். தாளை அறுத்திருக்கிறான். டியூபைப் பூட்ஸுக்குள் திணித்திருக்கிறான். அன்று போன் அடிக்கும் முன்பே அவள் அந்தப் பேப்பரைத் தேடிக் காணாமல் விட்டிருந்தாள்; ஆக, இதற்கெல்லாம் பின்தான் மத்தியானம் போன் வந்தது. எழுந்து நின்று, தெரிந்தே, வேண்டாவின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

அன்று இரவு அவன் வருவதற்குள் லோகநாயகி படுத்துவிட்டாள். பக்கத்தில் வந்து படுத்தவனின் மூச்சு கழுத்தில் பட்டபோது சுவரோரம் நகர்ந்துகொண்டாள்.

மறுநாள் கேசவனுக்கு வார விடுமுறை. அவளும் ஆபீஸுக்கு லீவு சொன்னாள். இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் டியூபை வைத்தாள்.

கேசவன் பார்த்தான். சட்னியைத் தொட்டு ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டான்.

"எங்கே கிடைச்சுது?"

"நீங்க வச்ச இடத்துலதான்."

"சரி. தப்பு நடந்துடுச்சு. சிலிகான்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சேன். தொட்டியையே அதுலதானே ஒட்டறாங்க."

"அதை நான் கேக்கலை. தாளை ஏன் கிழிச்சீங்க?"

அவன் மென்று விழுங்கினான். "லோகா, அடுத்த மாசம் இன்டர்வியூ. அவர் குஞ்சுலேருந்து வளர்த்த ஜோடி. கருவிப் பிரிவுல வேலை பாக்கறவன், லேபிளைப் படிக்காம கொன்னுட்டேன்னு நானே போய்ச் சொல்லச் சொல்றியா? அவர் என்ன குறிப்பு எழுதுவார்?"

"அதுக்கு வேண்டாவா?"

"அவளுக்கு என்ன போச்சு? இந்த வீடு இல்லேன்னா இன்னொரு வீடு. ரெண்டு வாரம் பொறு. எல்லாம் அடங்கினப்புறம் அவளுக்கு நல்லதா ஒரு புடவை எடுத்துக் குடுத்துடுவோம். பூனம் புடவை. சந்தோஷமா வாங்கிக்குவா. இன்னொரு இட்லி போடு."

லோகநாயகி அவன் வாயையே பார்த்தாள். கடைவாயில் சட்னி ஒட்டியிருந்தது. நாக்கு வெளியே வந்து அதை வழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. பதினோரு வருஷமாக இந்த வாய்க்குத்தான் சோறு போட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். எழுந்து போய்க் கொல்லைக் கதவருகே நின்று நாலு மூச்சு வெளிக்காற்றை இழுத்தாள். திரும்பி வந்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வேண்டாவைக் கூட்டிக்கிட்டு லக்ஷ்மிநாராயணன் சார் வீட்டுக்குப் போறேன். டியூபும் லாக் புக்கும் என் பையில இருக்கு. நீங்க வந்தா நீங்க சொல்லுங்க. வரலேன்னா நான் சொல்றேன். நான் சொன்னா பூட்ஸையும் சேர்த்துச் சொல்லுவேன்."

"பைத்தியமா உனக்கு? புருஷனைக் காட்டிக் குடுக்கறியா?"

"ஆறு மணிக்கு" என்றாள்.

கேசவன் வந்தான். வராமல் இருந்தால் அவள் சொல்கிற விதத்தில் போய்விடுமே! சட்டையை டக்-இன் செய்து, தலை வாரி, ஆபீஸுக்குப் போகிறவன்போல் வந்தான். வேண்டா இரண்டடி பின்னால் வந்தாள்.

"எதுக்குக்கா என்ன இசுத்துக்கினு போற? அந்தம்மா மறுபடி கத்தும்" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

"கத்தட்டும். நீ வா."

ஜோதிலட்சுமி கதவைத் திறந்தாள். "வாங்க லோகா… ஏய், நீ அங்கேயே நில்லு" என்று வேண்டாவைப் படியிலேயே நிறுத்தினாள். லோகநாயகியும் படியைத் தாண்டவில்லை. "நானும் இங்கேயே நிக்கறேன்க்கா. சாரைக் கூப்பிடுங்க."

லக்ஷ்மிநாராயணன் லுங்கியோடு வந்தார். கேசவன் தொண்டையைச் செருமினான்.

"சார், ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம். அனலைஸ் பண்ணிப் பாத்ததுல, அந்த அடைப்புக்குப் போட்ட பேஸ்ட்ல ஏதோ கெமிக்கல் இருந்திருக்கு சார். அதனாலயும் மீன் போயிருக்கலாம்."

"அதனாலயும் இல்லை. அதனாலதான்" என்றாள் லோகநாயகி. டியூபை எடுத்து நீட்டினாள். "வீட்ல ஃபினாயிலே கிடையாது சார். ஞாயித்துக்கிழமையே இது அவருக்குத் தெரியும்."

லக்ஷ்மிநாராயணன் டியூபைக் கையில் வாங்கவே இல்லை. சிரித்தார். அதே வயிறு குலுங்குகிற சிரிப்பு.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும்மா! தொட்டிக்குப் போடற பேஸ்ட் வெள்ளையா இருக்காது. பாத்ரூமுக்குப் போடறதுதான் வெள்ளை. குழாய் முனையைப் பாத்ததும் புரிஞ்சுது. சரி, கேசவன் ஆசையாப் பண்ணிருக்கான், எதுக்கு எல்லார் முன்னாடியும் அவனைச் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்." கேசவன் தோளில் தட்டினார். "என்கிட்ட இன்னும் மூணு ஜோடி இருக்குய்யா. இதுக்கா முகம் வாடற?"

கேசவனின் முகம் மலர்ந்தது. "சார்… உங்க பெருந்தன்மை சார்…"

ஜோதிலட்சுமி கணவனைப் பார்த்தாள். "தெரியுமா? அப்ப என்கிட்ட ஏன் சொல்லலை? நான் இவளை நிறுத்தினேனே!"

"நீ வீட்டு விஷயம் பாக்கற. அதுல நான் எதுக்குத் தலையிடணும்?"

படியில் நின்ற வேண்டா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப இந்த சாருக்கும் தெரியும்? அந்த சாருக்கும் தெரியும்?" என்று நிதானமாகக் கேட்டாள். "ரெண்டு பேருக்கும் தெர்ஞ்சேதான் என்ன வெசம் வெக்கறவன்னு ஊரு பூரா சொல்லிக்கினு கீறாங்க?"

லக்ஷ்மிநாராயணன் லுங்கியை மடித்துக் கட்டினார்.

"சரி சரி, விடு. நாளையிலருந்து வேலைக்கு வா" என்றாள் ஜோதிலட்சுமி.

"நீ போன் போட்டு சொன்னல்ல, அத்தினி பேருக்கும் மறுபடி போன் போட்டு சொல்லும்மா. அது போதும். உன் வேல எனக்கு வேணாம்."

வேண்டா படியிறங்கினாள். கேட்டருகே நின்றாள். தலையைத் திருப்பி, குரோட்டன்ஸ் தொட்டியின் ஓரத்தில், காறி, த்தூ என்று துப்பினாள். கேட்டைச் சாத்திவிட்டு நடந்தாள்.

"பாத்தீங்களா திமிரை! வீட்டு வாசல்ல துப்பிட்டுப் போறா!" ஜோதிலட்சுமிக்கு மூச்சு வாங்கியது.

"எனக்கும் வாயில ஊறிடுச்சுக்கா. நான் முழுங்கிட்டேன், அவ்வளவுதான்" என்றாள் லோகநாயகி. "போன் பண்ணிடுங்க. எட்டு மணிக்கு ஷபானாகிட்ட கேப்பேன், வந்துச்சான்னு."

கேசவன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தான். இன்டர்வியூவைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவள் காத்திருக்கவில்லை.

ரவுண்டானா தாண்டி, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் வேண்டாவைப் பிடித்தாள். கடல் காற்று இருவர் புடவையையும் இழுத்தது.

"வேண்டா, நானும் அன்னைக்கு உன்னைக் கேட்டுட்டேன். தப்புதான்."

"நீ மூஞ்சிக்கு நேரா கேட்டக்கா. அது வேற."

"நம்ம வீட்டுக்கு எப்ப வர்றே?"

வேண்டா நின்றாள். செருப்பில் ஏறிய மணலை உதறினாள்.

"ஷபானா அக்கா வூட்டுக்கு வருவேன். உன் வூட்டுக்கு வரமாட்டேன்க்கா. உன் மேல கோவம் இல்ல, சத்தியமா. அந்தாளு துன்ன தட்ட என்னால கழுவ முடியாது. அருவருப்பா கீது."

லோகநாயகி தலையாட்டினாள். வேண்டா புதுப்பட்டினம் பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு ஷபானா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துச்சு, போன் வந்துச்சு!" என்று கத்தினாள். டீச்சரம்மாவுக்கும் போயிருக்கிறது.

கேசவன் எட்டரைக்குத் தெளிவான முகத்தோடு வந்தான். "சார் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை. அடுத்த வாரம் புது ஜோடி தர்றேன்னுட்டார். மூன்லைட்டைப் பிரிச்சு நல்ல பேஸ்ட் போட்டாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே தானே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ரசத்தை உறிஞ்சும் சத்தம் அடுப்படிவரை வந்தது. சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி தொட்டிப் பக்கம் போனான்.

லோகநாயகி பாத்திரம் கழுவ வந்து நின்றாள். தட்டில் முருங்கைக்காய்ச் சக்கைகளும் விரலால் வழித்த கோடுகளும் இருந்தன. குழாயைத் திறந்தாள். தன் தட்டைக் கழுவினாள். தன் டம்ளரைக் கழுவினாள். குக்கரைக் கழுவினாள். அந்தத் தட்டின் மேல் தண்ணீர் தெறிக்கக்கூட விடவில்லை.

"லோகா, அந்த ஸ்குரூ டிரைவரை எடு" என்றான் ஹாலிலிருந்து.

அவள் குழாயை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டு, மாடிக்கு ஷபானா வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை ஏழே கால் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தட்டு அங்கேயே கிடந்தது, சக்கையில் எறும்பு மொய்த்துக்கொண்டு. சமையலறை விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.